நானூறு அடிச் சிரிப்பு

இணை இயக்குநர் இடும்பன் யாரைப் பற்றிப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் நடிகர் பொன்னரங்கம் வீட்டுக்குப் போன அந்த வியாழக்கிழமை மத்தியானத்தில்தான் வந்து நிற்பான். அன்றைக்கு அந்த மனுஷர் தன் கண் முன்னாலேயே மூன்று தடவை செத்ததையும், மூன்று தடவையும் எழுந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்ததையும், நடுவில் "நீ ஒண்ணுமே எடுத்துக்கலையே" என்று முறுக்குத் தட்டை அவன் பக்கம் நகர்த்தி வைத்ததையும் சொல்வான், சொல்லும்போது சிரிப்பான், சிரித்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று வாயை மூடிக்கொண்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விடுவான். மிச்சத்தை நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

ஆத்தூர் பொன்னரங்கம் என்று பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது, முகத்தைக் காட்டினால் "அட, இவரா!" என்பீர்கள். கதாநாயகிக்கு அப்பா, கதாநாயகனுக்குத் தாய்மாமன், ஏட்டய்யா, ஊர்த்தலைவர், கல்யாணத்தை நிறுத்தச் சொல்லி எழுந்திருக்கிற பெரியவர், கல்யாணத்தை நடத்தச் சொல்லி எழுந்திருக்கிற பெரியவர், எல்லாம் அவர்தான். நூற்றுத் தொண்ணூறு படம் நடித்தார், அதில் அறுபத்து மூன்றில் செத்தார். பாம்பு கடித்துச் செத்தார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்தார், அடியாட்கள் வெட்டிச் செத்தார், ஒரு படத்தில் மகள் ஓடிப்போன செய்தியைக் கேட்டு நின்ற வாக்கிலேயே செத்தார். செத்து முடித்ததும் எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, லைட்மேன்களோடு சாப்பாட்டு வரிசையில் தட்டை ஏந்தி நிற்பார்.

அப்படி எழுந்து போவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கும். அது சினிமாக்காரர்களின் வழக்கம், எந்தப் புத்தகத்திலும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். சாவுக் காட்சி எடுத்து முடித்தவுடன், செத்தவரை எழுப்பி உட்காரவைத்து, கேமராவைப் பார்த்து ஒரு தடவை வாய்விட்டுச் சிரிக்கச் சொல்லி அதையும் ஃபிலிமில் பிடித்துவிட வேண்டும். படத்தில் அது வராது, எடிட்டிங்கில் வெட்டித் தூக்கிப் போட்டுவிடுவார்கள், ஆனால் எடுத்தாக வேண்டும். அதற்குப் பெயர் சிரிப்பு ஷாட். அதை எடுத்தால்தான் நடித்த சாவு நடித்த இடத்தோடு நிற்கும், ஆள் பின்னாலேயே வீட்டுக்கு வராது என்பது நம்பிக்கை. அதை ஞாபகமாக எடுக்கவைப்பது கடைசி உதவி இயக்குநரின் பொறுப்பு.

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் நடந்த படப்பிடிப்பில் அந்தக் கடைசி உதவி இயக்குநர் நம் இடும்பன். பழனிக்குப் பக்கத்தில் நெய்க்காரப்பட்டியிலிருந்து, இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்து 'கட்' என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், ஜென்மம் கடைத்தேறிவிடும் என்று பஸ் ஏறி வந்தவன். அந்த ஒரு சொல்லை இயக்குநர் மட்டும்தான் சொல்லலாம், வேறு எவனாவது வாய் தவறிச் சொன்னால் மறுநாள் செட்டுக்குள் விடமாட்டார்கள்.

காட்சி இதுதான். பட்டணத்திலிருந்து மகன் ரொம்ப நாள் கழித்து வருகிறான். கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கிற அப்பா, அவன் முகத்தைப் பார்த்து, "வந்துட்டியா... கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்கிறார். மகன் தொட்டித் தண்ணீரில் கை கழுவிவிட்டுத் திரும்பினால் அப்பா இல்லை. அவ்வளவுதான். பொன்னரங்கம் அதைச் சொன்ன விதத்தில் தோப்பில் நின்ற அத்தனை பேரும் அவரவர் அப்பாவை நினைத்துக்கொண்டார்கள், இயக்குநர் மூக்கைச் சிந்தினார், அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ ஒரு காக்காய் வந்து கட்டில் காலில் உட்கார்ந்தது. "எடுடா எடுடா, விடாதே!" என்று இயக்குநர் குதித்தார், மிச்சமிருந்த அறுபது அடி ஃபிலிமும் காக்காய்க்குப் போய்விட்டது. அவர் ஆனந்தமாகக் காரில் ஏறிப் போனார். சிரிப்பு ஷாட் எடுக்க ஒரு அடிகூட இல்லை, இன்னொரு ரோல் கேட்டால் தயாரிப்பு மேனேஜர் கண்டபடி திட்டுவார், வேலையும் போகும். கேமரா உதவியாளன் தேவசகாயத்தின் காதில் இடும்பன் ஏதோ சொன்னான். தேவசகாயம் தயங்கினான், பிறகு வெறும் கேமராவை ஓடவிட்டான். "அண்ணே, சிரிப்பு" என்றான் இடும்பன். பொன்னரங்கம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, உள்ளே ஒன்றுமே இல்லாத கேமராவைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார்.

படம் வெளிவந்த வெள்ளிக்கிழமை, சாலிக்கிராமத்தில் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னாலிருக்கிற குறுக்குச் சந்தில், தன் வீட்டுக் கூடத்தில் பொன்னரங்கம் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். "ரசம் ஊத்தட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே திரும்பிய மனைவி லோகாம்பாள், இலைக்குப் பக்கத்தில் அவர் சாய்ந்து கிடப்பதைப் பார்த்து அலறியதில் சந்தே திரண்டுவிட்டது. தெருமுனை டாக்டர் ஜெபராணி ஓடிவந்து நாடி பார்த்தார், மார்பில் குழல் வைத்தார், கண்ணில் டார்ச் அடித்தார், "போய்ட்டாரும்மா" என்று சொல்லி முடிக்கவில்லை, அவர் கண்ணைத் திறந்து, "லோகு, காப்பி இருக்கா?" என்றார். அன்றைக்கு அவமானப்பட்ட டாக்டரம்மா, இனி இந்த மனுஷன் விஷயத்தில் அந்த வார்த்தையை எடுப்பதில்லை என்று சத்தியம் செய்துகொண்டார்.

சாயந்திரம் மறுபடி செத்தார், அப்புறம் இன்னொரு தடவை, மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் இஸ்திரி போடுகிற கன்னியப்பன்தான் கண்டுபிடித்தான். அவன் மேட்னி பார்க்கப் போயிருந்தான். திரையில் அப்பா செத்த நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்து வைத்துக்கொண்டு வந்து விசாரித்தால், அதே மூன்று இருபதுக்குக் கூடத்தில் லோகம்மா விசிறிக்கொண்டிருந்திருக்கிறார். சாவும், அதற்குப் பின்னால் வருகிற சோகப் பாட்டும் சேர்த்து ஆறு நிமிஷம். பாட்டு முடிந்து அடுத்த காட்சி வந்ததும் எழுந்துவிடுகிறார். எங்கோ ஒரு திரையில் அந்தக் காட்சி ஓடினால் இங்கே இவருக்கு உயிர் இல்லை, விஷயம் அவ்வளவுதான்.

சந்து என்ன செய்யும்? இரண்டு நாள் வாயில் கை வைத்தது, மூன்றாம் நாள் பழகிக்கொண்டது. அவர் மேட்னிக்குச் செத்தால் மாடியில் காயும் துணியை எடுக்க நேரமாயிற்று என்று பெண்கள் படியேறினார்கள். முடிவெட்டுகிறவர் இரண்டு காட்சிகளுக்கு நடுவில் வந்து அவசர அவசரமாகச் சவரம் செய்துவிட்டுப் போனார். வீட்டுக்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார், செத்தால் கூடத்தில் சாகட்டும், மாடிப்படியில் வேண்டாம் என்றார். தீட்டு உண்டா இல்லையா என்று ஒரு பிரச்சினை கிளம்பி, பிள்ளையார் கோயில் குருக்கள் ரொம்ப யோசித்து, ஆறு நிமிஷச் சாவுக்குத் தீட்டில்லை, அரை மணிக்கு மேல் போனால் மட்டும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் போதும் என்று தீர்ப்புச் சொன்னார். யாரும் அழுவதில்லை என்பது எப்படியோ தானாக ஏற்பட்டது. அழுதுகொண்டிருக்கும்போது அவர் எழுந்து பார்த்துவிட்டால் இரண்டு பேருக்குமே கூச்சமாக இருக்குமல்லவா? லோகம்மா மட்டும் டிகாஷனைக் குறையாமல் வைத்திருப்பார். எழுந்ததும் அவருக்குக் காப்பி வேண்டும், அதுவும் நாக்கு சுடுகிற சூட்டில்.

படம் நூறு நாள் ஓடியது. பிறகு டென்ட் கொட்டகைகளில் ஓடியது. அதன் பெயர்கூட மறந்து ஜனங்கள் அதைக் 'கட்டில் படம்' என்றார்கள். அப்புறம் டி.வி.யில் வந்தது, அதில் புதுத் தொந்தரவு. அப்பா செத்ததும் மகன் திரும்புவதற்குள் விளம்பரம் போட்டுவிடுவார்கள், சோப்பும் பற்பசையும் ஊறுகாயும் வந்து முடிகிற வரைக்கும் பொன்னரங்கம் இருபது நிமிஷம் அப்படியே கிடப்பார், சந்தே சோப்புக் கம்பெனிக்காரனைச் சபிக்கும். கேபிள் டி.வி. சலாவுதீன் நல்ல மனுஷன், அந்தப் படம் வந்தால் தன் ஏரியாவில் இணைப்பையே பிடுங்கிவிடுவார். ஆனால் ராஜபாளையத்தில் பார்ப்பவரை, சிங்கப்பூரில் பார்ப்பவரை, யாரைப் போய்த் தடுப்பது?

பிறகு எல்லோர் கையிலும் ஃபோன் வந்தது. "கை கழுவிட்டு வா" என்பதை மட்டும் யாரோ துண்டாக வெட்டிப் போட்டார்கள். பரீட்சையில் தோற்றவன் போட்டான், கிரிக்கெட்டில் அவுட் ஆனவனுக்குப் போட்டார்கள், காதலி விட்டுப்போனவன் ஸ்டேட்டஸில் வைத்தான், உண்மையாகவே அப்பாவை இழந்தவர்கள் அழுதுகொண்டே வைத்தார்கள். பொன்னரங்கம் குளியலறை வாசலில் செத்தார், செருப்பு மாட்டும்போது செத்தார், சாமி கும்பிடக் கையெடுத்தபோது செத்தார். சந்தில் கூடிப் பேசி, 'தயவுசெய்து இந்த வீடியோவைப் பார்க்காதீர்கள், இவர் உயிர் போகிறது' என்று ஒரு தகவலைத் தயார் செய்து பத்துப் பேருக்கு அனுப்பினார்கள். அது பத்து லட்சம் பேருக்குப் போய், என்னதான் அது என்று அத்தனை பேரும் தேடிப் பார்த்ததில் அவர் ஒரு வாரம் எழுந்திருக்கவே இல்லை. அதற்கு மேல் கொரோனா வந்தது. கை கழுவச் சொல்வதற்கு நாட்டிலேயே இதைவிடப் பொருத்தமான வீடியோ கிடையாது என்று ஒவ்வொரு வீட்டுக் குரூப்பிலும் அதைத்தான் அனுப்பினார்கள். ஊரெல்லாம் உயிர் பிழைக்கக் கை கழுவிக்கொண்டிருந்தபோது அந்தக் கூடத்தில் மனுஷர் மாசக் கணக்கில் செத்துச் செத்து எழுந்துகொண்டிருந்தார். லோகம்மா மாஸ்க் போட்டுக்கொண்டு விசிறினார்.

இதெல்லாம் இடும்பனுக்குத் தெரியாதா? படம் வெளிவந்த ஒரே வாரத்தில் தெரியும். அன்றிலிருந்து சாலிக்கிராமம் பக்கமே வராமல் சுற்றிச் சுற்றிப் போனான். வேறு படப்பிடிப்பில் பொன்னரங்கம் இருந்தால் காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டான். இணை இயக்குநர் ஆனான், தலை நரைத்தது, இயக்குநர் மட்டும் ஆகவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று அவனுக்குள் ஒரு எண்ணம், யாரிடமும் சொன்னதில்லை. கொரோனா அடங்கின பிறகு ஒருநாள் தேவசகாயம் ஃபோன் பண்ணினான். கேமரா வாடகைக்கு விடும் இடமொன்றில் இப்போது அவன் காவல்காரன் மாதிரி. "டேய், நம்ம பழைய கேமரா இங்க கண்ணாடிப் பெட்டியில அழகுக்கு வச்சிருக்கான். ஃபிரிட்ஜ்ல ஒரு நானூறு அடி ரோலு கிடக்குது, காலாவதியாகிப் பல வருஷம் ஆச்சு. வர்றியா?" என்றான். இடும்பன் போட்டிருந்த லுங்கியோடு கிளம்பினான்.

அப்படித்தான் அந்த வியாழக்கிழமை மத்தியானம் அவர்கள் இரண்டு பேரும் கேமராவைப் போர்வையில் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். கதவைத் திறந்த பொன்னரங்கத்துக்கு எண்பது வயசு. "யாரு, நெய்க்காரப்பட்டியா? வாடா வா, உயிரோட இருக்கையா!" என்று கேட்டார். அதை அவர் கேட்டபோது இடும்பனால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. கூடத்தில் ஒரு கட்டில், நாலு பக்கமும் தலையணை. அவர் எந்தப் பக்கம் விழுந்தாலும் அடிபடாமல் இருக்க லோகம்மா செய்த ஏற்பாடு. "இந்தப் பக்கம் உட்காரு, இடது காது மந்தமாயிடுச்சு" என்று வலது பக்கம் இடம் காட்டினார். முறுக்கு வந்தது, காப்பி வந்தது, நெய்க்காரப்பட்டிச் சந்தையில் இன்னும் வெங்காயம் மூட்டை மூட்டையாக வருகிறதா என்று விசாரித்தார், கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று திட்டினார். இடும்பன் முறுக்கைத் தொடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, ஆட்டோவில் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னான்.

"அண்ணே, அன்னைக்குத் தோப்புல நான் எடுத்த சிரிப்பு ஷாட் பொய்ண்ணே. கேமராவுல ரோலே இல்ல. ரோல் கேட்டா வேலை போயிடும்னு பயந்து வெறும் கேமராவை ஓடவிட்டு உங்களைச் சிரிக்கச் சொல்லிட்டேன். நீங்க இப்படிச் செத்துச் செத்துப் பிழைக்கிறது என்னாலதான். என்னைச் செருப்பால அடிங்கண்ணே."

நிமிர்ந்தான். அவர் தலையணையில் சாய்ந்து செத்திருந்தார்.

"எவ்வளவு நேரமாச்சு அண்ணி?"

"நீ 'தோப்பு'ன்னு ஆரம்பிச்சே பாரு, அப்பவே போயிட்டாரு" என்றார் லோகம்மா, விசிறியை எடுத்துக்கொண்டு. "பாட்டைக் கேக்கிறவங்க போல இருக்கு, இழுக்குது. இரு தம்பி, எந்திரிச்சதும் இன்னொரு வாட்டி சொல்லு. முறுக்கு எடுத்துக்க."

ஆறு நிமிஷம் அவர்கள் காத்திருந்தார்கள். விசிறிச் சத்தமும் வெளியே கன்னியப்பனின் இஸ்திரிப் பெட்டிச் சத்தமும்தான். அவர் எழுந்தார், காப்பி குடித்தார், "என்னமோ சொல்லிட்டிருந்தியே" என்றார். இடும்பன் மறுபடி முதலிலிருந்து சொன்னான். இந்தத் தடவை மனப்பாடம் எல்லாம் போய்த் தேம்பித் தேம்பித்தான் வந்தது.

பொன்னரங்கம் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அட மடப்பயலே, வெறும் கேமரா ஓடுற சத்தம் எனக்குத் தெரியாதா? ரோல் ஓடுனா அடித்தொண்டையில கனைக்கிற மாதிரி இருக்கும். வெறுமனே ஓடுனா தகரத்தைத் தட்டுற மாதிரி. எத்தனை வருஷமா அது முன்னால நிக்கிறேன்?"

"தெரிஞ்சுமாண்ணே சிரிச்சீங்க?"

"உன் மூஞ்சியப் பாத்தேன். வெடவெடன்னு நடுங்கிட்டு நின்னே. நான் சத்தம் போட்டா உன்னை ராத்திரியே பஸ் ஏத்திவிட்டிருப்பானுங்க. போகட்டும்னு சிரிச்சேன். இப்படி வீடு வரைக்கும் வரும்னு நான் என்ன கண்டேன்?" என்று சொல்லி, தட்டை அவன் பக்கம் நகர்த்தி, "நீ ஒண்ணுமே எடுத்துக்கலையே" என்றார்.

அதற்குப் பிறகுதான் இடும்பன் முறுக்கைக் கடித்தான். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது என்பான். ஒரு மனுஷர் தன் உயிரை அவன் வேலைக்கு விட்டுக்கொடுத்து, அதை ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டாமல் இருபத்தேழு வருஷம் செத்துக்கொண்டிருந்திருக்கிறார். காலில் விழலாமா, கட்டிப்பிடிக்கலாமா என்று தெரியாமல் அவன் முறுக்கைத்தான் தின்றான், ஒன்றுக்கு நாலாக.

"கஷ்டமா இல்லையாண்ணே?"

"அதுல என்ன கஷ்டம்? கண்ணை மூடித் திறந்த மாதிரிதான். அவங்களும் சும்மாவா பாக்கிறாங்க? அப்பனை நினைச்சு அழறாங்க. நூத்தித் தொண்ணூறு படத்துல ஜனங்க எடுத்து வச்சுக்கிட்டது அந்த ஒண்ணைத்தான். பாக்காதேன்னு எந்த வாயால சொல்றது?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, லோகம்மா உள்ளே போனதைப் பார்த்துக்கொண்டு, "இவளை நினைச்சாத்தான். ஒவ்வொரு தடவையும் எந்திரிப்பேனா மாட்டேனான்னு டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறா பாரு, அது பெரிய பாவம். முடிஞ்சா அதுக்கு மட்டும் ஒரு வழி பண்ணுடா" என்றார். வழி பண்ணத்தான் வந்தோம் என்று தேவசகாயம் போர்வையைப் பிரித்தான்.

கேமராவை ஸ்டூல்மேல் நிறுத்துவதற்குள் அவர் இன்னொரு தடவை செத்தார். அதற்குள் செய்தி பரவிக் கன்னியப்பனும் சலாவுதீனும் டாக்டரம்மாவும் வாசலில் கூடிவிட்டார்கள். நாலரை நிமிஷம்தான் ரோல் ஓடும், அந்த நாலரை நிமிஷத்தில் உலகத்தில் ஒருத்தர்கூட அந்தக் காட்சியைப் பார்க்காமல் இருக்க வேண்டும். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் ஃபோன் போட்டார்கள், கொஞ்ச நேரம் ஃபோனைத் தொடாதீர்கள் என்று கும்பிட்டார்கள். ஆனால் எங்கேயோ ஒரு ஊரில் எவனோ ஒருத்தன் அப்பா நினைப்பு வந்து ஃபோனை எடுத்தால், அவனை யார் போய்த் தடுப்பது? அவர் எழுந்தார். லோகம்மா தலைசீவி, திருநீறு வைத்து, நல்ல சட்டை போட்டுவிட்டார். இயக்குநர் இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது, ஆகவே இடும்பன்தான் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றான், வாழ்க்கையில் முதல் தடவையாக.

"நெய்க்காரப்பட்டி, ஒண்ணே ஒண்ணு" என்றார் பொன்னரங்கம். "கட் சொல்லாதே. ரோல் தானா தீரட்டும். அதுவரைக்கும் சிரிக்கிறேன். பழைய பாக்கிக்கும் சேத்து எடுத்துக்க."

இடும்பன் தலையாட்டினான். தேவசகாயம் கேமராவை ஓடவிட்டான். பொன்னரங்கம் வலது காதைச் சாய்த்துக் கேட்டார், "ஆங், இது ரோலு" என்றார், சிரித்தார். முதலில் வந்தது நடிகர் சிரிப்பு, பல்வரிசை தெரிகிற மாதிரி அளவெடுத்து. நடுவில் ஏதோ ஞாபகம் வந்து, "டேய், அந்தக் காக்கா..." என்றார், அவ்வளவுதான், அதற்குப் பிறகு வந்தது வேறு. வயிறு குலுங்கிற்று, கண்ணில் தண்ணீர் வந்தது, கட்டிலைத் தட்டித் தட்டிச் சிரித்தார். லோகம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார், வாசலில் நின்றவர்கள் காரணம் தெரியாமல் சிரித்தார்கள், டாக்டரம்மா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், நானூறு அடியும் சிரிப்பாகப் போய் ரோல் தீர்ந்து உள்ளே பட்பட்டென்று அடித்துக்கொண்டபோதும் யாராலும் நிறுத்த முடியவில்லை. நாலரை நிமிஷமும் உலகத்தில் ஒருத்தரும் அவரைச் சாகவைக்கவில்லை. ஐந்தாவது நிமிஷம் மூன்றாம் தடவையாகச் செத்தார், சிரித்த முகத்தோடு. இருட்டுத் துணிக்குள் கைவிட்டு தேவசகாயம் ரோலைக் கழற்றி, வெளிச்சம் புகாத தகர டப்பாவில் போட்டு, டேப் ஒட்டி, இடும்பன் கையில் கொடுத்தான்.

சிரிப்பைப் பிடித்தாகிவிட்டது, ஆனாலும் அவர் செத்துக்கொண்டுதான் இருந்தார். ரோலைக் கழுவிப் படமாக்கினால்தான் சிரிப்பு சிரிப்பாகும் என்று சந்தில் எல்லோரும் சேர்ந்து முடிவுக்கு வந்தார்கள், அது நியாயமாகவும் பட்டது. இடும்பன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். கழுவுகிற லேப் இருந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. இன்னொரு லேப் இருந்த இடத்தில் பூட்டு தொங்கியது. பம்பாயில் ஒரு இடம் இருக்கிறது என்றார்கள், ரயிலேறிப் போனான். இவ்வளவு பழைய ரோலை எங்கள் மருந்துத் தண்ணீரில் போட்டால் மற்றவர்களுடையதும் கெட்டுவிடும், மன்னிக்கணும் என்று மரியாதையாகத்தான் திருப்பி அனுப்பினார்கள். மருந்து கலந்து வீட்டிலேயே கழுவத் தெரிந்தவர்கள் என்று மூன்று பேரைத் தேடினான், ஒருத்தர் படுத்த படுக்கை, ஒருத்தருக்குக் கை நடுக்கம், ஒருத்தருக்கு மாலை போட்ட படம். உள்ளே சிரிப்பு விழுந்திருக்கிறதா, பழைய ரோல் என்பதால் வெறும் புகையாகத்தான் இருக்கிறதா என்று அவனுக்குத் தெரியாது. திறந்து பார்க்கலாம், திறந்தால் வெளிச்சம் பட்டு இருக்கிற சிரிப்பும் போய்விடும். தந்தையர் தினம் வந்தது, அப்போதும் டப்பா அவன் பீரோவில் அப்படியேதான் இருந்தது.

அதற்கு மறுநாள் காலை பத்து மணிக்கு லோகம்மா ஃபோன் பண்ணினார். "தம்பி, நேத்துக் காலையில படுத்தவரு இன்னும் எந்திரிக்கல. நேத்து அப்பாங்க தினம், வருஷா வருஷம் அன்னைக்கு நாள் பூரா கிடப்பாரு, அதனால நானும் விட்டுட்டேன். இன்னைக்குமா பாக்கிறாங்க?"

இடும்பன் டப்பாவை இடுக்கிக்கொண்டு ஓடினான். கூடத்தில் பொன்னரங்கம் நாலு தலையணைக்கு நடுவில் கிடந்தார். யாரும் அழவில்லை. இருபத்தேழு வருஷமாக அந்த வீட்டில் யாரும் அழுததில்லை, எப்படி ஆரம்பிப்பது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. கன்னியப்பன் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் ஃபோன் போட்டு, "நிறுத்துங்க சாமி, போதும், மனுஷன் எந்திரிக்கணும்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். "எங்கேயோ யாரோ பார்த்துட்டிருக்கான், இப்ப நிறுத்திடுவான்" என்று சலாவுதீன் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். பொன்னரங்கத்தின் காது மடலில் ஒரு எறும்பு ஏறியது, லோகம்மா அதைத் தட்டிவிட்டார். காப்பி ஆறிப்போய், மறுபடி போட்டு, அதுவும் ஆறிப்போய், கையில் இருந்தது ஐந்தாவது டம்ளர். மணி பன்னிரண்டு ஆனது, ஒன்று ஆனது.

"தம்பி, நீ டைரக்டர்தானே?" என்றார் லோகம்மா.

"இல்ல அண்ணி. நான்..."

"அன்னைக்குக் கேமரா பக்கத்துல நீதானே நின்னே? முடிஞ்சதும் ஒண்ணு சொல்லுவீங்களே, அதைச் சொல்லு. அன்னைக்கு இவரு வேணாம்னுட்டாரு. அதனாலதான் முடியாம இழுத்துக்கிட்டுக் கிடக்குதோ என்னவோ. நீ சொன்னா எந்திரிப்பாரு."

கூடத்தில் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள், டாக்டரம்மா மட்டும் தரையைப் பார்த்தார். நெய்க்காரப்பட்டியிலிருந்து பஸ் ஏறிய நாளிலிருந்து அவன் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்தான், கண்ணாடி முன்னால் நின்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறான். இப்போது டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு வாயைத் திறந்தான், பாதிதான் சத்தமாக வந்தது.

"கட்."

எல்லோரும் கட்டிலைப் பார்த்தார்கள். டம்ளரிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"சத்தமா சொல்லு தம்பி" என்றார் லோகம்மா, டம்ளரை அவர் வாய்க்குப் பக்கத்தில் தயாராகப் பிடித்துக்கொண்டு. "அவருக்கு இடது காது மந்தம்."

இடும்பன் கட்டிலைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய், மண்டியிட்டு, அந்தக் காதில் வாயை வைத்து மறுபடி சொன்னான்.